அந்த மூன்று கட்டப் பட்டியலைத் தூக்கி எறியுங்கள்

ஆங்கில வினைச்சொற்களின் இறந்தகாலத்தைக் கற்பிக்கிறோம் என்று சொல்லிக் கையில் திணிக்கிறார்களே ஒரு மூன்று கட்டப் பட்டியல், அதைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நிகழ்காலத்துக்கு ஒரு கட்டம், இறந்தகாலத்துக்கு ஒரு கட்டம், ‘ஹேவ்’வுக்குப் பின்னால் வரும் வடிவத்துக்குப் ‘பார்ட்டிசிப்பிள்’ என்று ஒரு கட்டம். அகர வரிசையில் பக்கம் பக்கமாகச் சொற்கள். மனப்பாடம் செய், ஒப்பி, முடிந்தது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு குழம்பும், ஏன் குழம்பும் என்று ஒரு வரி கிடையாது. அப்புறம் குழம்பியவனைப் பார்த்து ஊர் கூடிச் சிரிப்பது மட்டும் தவறாமல் நடக்கிறது.

‘லை’, ‘லே’ இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். படுத்திருப்பது ‘லை’. ஒன்றைக் கீழே கிடத்துவது ‘லே’. ‘லை’க்கு இறந்தகாலம் என்ன? அதே ‘லே’! அவன் நேற்றுக் கட்டிலில் படுத்தான் என்றால் ‘லே’. குழந்தையைக் கட்டிலில் கிடத்தினான் என்றால் ‘லெய்டு’. மூன்றாவது கட்டத்தில் முதல் சொல்லுக்கு ‘லெயின்’, இரண்டாவதற்கு மறுபடி ‘லெய்டு’. போதாக்குறைக்குப் பொய் சொல்வதும் ‘லை’. அதற்கு இறந்தகாலம் ‘லைடு’. ஒரு சொல்லின் நேற்று இன்னொரு சொல்லின் இன்றாக வந்து நிற்கிறது. இதில் தடுமாறாதவன் யார்? கவிஞர் பைரனே 1818இல் வெளிவந்த ஒரு கவிதையில் ‘லை’ வரவேண்டிய இடத்தில் ‘லே’ என்று எழுதியிருக்கிறார். ஆனால் பட்டியலோ ‘லே’யை மேலே ஓரிடத்தில் வைத்துவிட்டு, நடுவில் நாலைந்து சொற்களைத் தள்ளி, ‘லை’யைக் கீழே போடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தானே குழப்பம் எங்கே இருக்கிறது என்றாவது தெரியும்!

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இதுதான்: தமிழ் படித்தவன் கையிலேயே இதற்குச் சாவி இருக்கிறது. கிட, கிடத்து. விழு, வீழ்த்து. எழு, எழுப்பு. தன்வினை, பிறவினை என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, அதேதான். ‘லை’ தன்வினை, ‘லே’ பிறவினை. ‘ரைஸ்’ என்றால் எழுவது, அதற்கு ‘ரோஸ்’, ‘ரிஸன்’. ‘ரெய்ஸ்’ என்றால் எழுப்புவது, அதற்கு ‘ரெய்ஸ்டு’. ‘ஃபால்’ என்றால் விழுவது, இறந்தகாலம் ‘ஃபெல்’. அந்த ‘ஃபெல்’லே தனி வினையாக வந்தால் மரத்தை வெட்டி வீழ்த்துவது, அதற்கு ‘ஃபெல்டு’. கவனித்தீர்களா? இந்த மூன்று ஜோடிகளிலும் தன்வினைதான் உள்ளே உயிரெழுத்தை மாற்றிக்கொண்டு ஆட்டம் காட்டுகிறது. பிறவினை கடைசியில் ‘ட்’ ஒலி சேர்த்துக்கொண்டு ஒழுங்காக நிற்கிறது. பழைய ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலிருந்தே வரும் பிரிவு இது. கால் மணி நேரத்தில் சொல்லிவிடலாம். சொல்லமாட்டார்கள். ‘மனப்பாடம் செய்’ என்பதோடு சரி.

ஒரு கூட்டத்தில் நான் கண்ணால் பார்த்தது. புதிதாகப் பணியில் சேர்ந்த இளைஞர் ஒருவர் தயாரித்த அறிக்கை திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் அமைப்பு நிறுவப்பட்டது என்று சொல்ல ‘ஃபவுண்டட்’ என்று எழுதவேண்டும். அவர் ‘ஃபவுண்ட்’ என்று எழுதியிருந்தார். அமைப்பு கண்டெடுக்கப்பட்டது என்று அர்த்தம் வந்துவிட்டது. தலைமை தாங்கியவர் அந்த வரியை இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினார். அறை முழுக்கச் சிரிப்பு. அந்தப் பையன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அறிக்கையில் அவர் உழைத்துச் சேர்த்த விவரங்களைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டுபிடிப்பதற்கு இறந்தகாலம் ‘ஃபவுண்ட்’, நிறுவுவதற்கு நிகழ்காலமே ‘ஃபவுண்ட்’, இரண்டும் வேறு வேறு வினைகள் என்று அங்கே சிரித்தவர்களில் யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? கணினியும் காப்பாற்றாது. வெறும் எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளுக்கு இரண்டுமே சரியான சொற்கள். சிவப்புக் கோடு விழாது.

இதே வலையில் இன்னும் எத்தனை! ‘ஃப்ளை’, ‘ஃப்ளோ’, ‘ஃப்ளீ’: பறந்தது ‘ஃப்ளூ’, பாய்ந்தது ‘ஃப்ளோடு’, தப்பி ஓடியது ‘ஃப்ளெட்’. படத்தை மாட்டினால் ‘ஹங்’, மனிதனைத் தூக்கிலிட்டால் ‘ஹேங்டு’. ‘ரீட்’ என்பது எழுத்தில் மாறாமல் ஒலியில் மட்டும் ‘ரெட்’ ஆகும். அதை நம்பி, வழிநடத்துவதைக் குறிக்கும் ‘லீட்’டும் அப்படித்தான் என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம்; அங்கே எழுத்தும் மாறவேண்டும். ஈயத்துக்கு மட்டும் பழைய எழுத்திலேயே ‘லெட்’ என்று உச்சரிப்பு. ஆங்கிலமே தாய்மொழியானவர்கள் இங்கே அன்றாடம் சறுக்குகிறார்கள்.

‘டிட் நாட் வென்ட்’ என்று எழுதுபவரை ஏளனம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. இறந்தகாலத்தை ‘டிட்’ சுமந்துவிட்டது, பின்னால் வரும் வினை வெறுங்கையோடு ‘கோ’ என்று வந்தால் போதும். இவ்வளவுதான் விளக்கம். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ‘வென்ட்’கூட ‘கோ’வுக்குப் பிறந்தது இல்லை, ‘வெண்ட்’ என்ற வேறொரு வினையின் இறந்தகாலம் அது, இடையில் வந்து ஒட்டிக்கொண்டது. தெரிந்தால் ஒரு மாணவனுக்கு எவ்வளவு சுவையாக இருக்கும்!

‘ஹேவ் ரிட்டன்’ என்பதற்குப் பதில் ‘ஹேவ் ரோட்’ என்று எழுதுவதை ஆங்கிலேய இலக்கண ஆசிரியர் ராபர்ட் லவுத் 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில் கண்டித்தார். கண்டிக்க அவர் காட்டிய எடுத்துக்காட்டுகள் மில்டன், டிரைடன், போப் போன்ற பெரும் புலவர்களின் எழுத்திலிருந்து வந்தவை. அவர்கள் காலத்தில் அது சர்வ சாதாரணம். இன்றும் ‘ஸ்னீக்’குக்கு ‘ஸ்னக்’, ‘டைவ்’வுக்கு ‘டோவ்’ என்று அமெரிக்கர்கள் தாராளமாக எழுதுகிறார்கள்; அவர்களுடைய அகராதிகள் அவற்றை ஏற்றுக்கொண்டும் விட்டன. ‘கெட்’டின் மூன்றாம் கட்டமாகப் பிரிட்டனில் பெரும்பாலும் வழக்கொழிந்த ‘காட்டன்’ அமெரிக்காவில் நன்றாக வாழ்கிறது. சொந்தக்காரர்களே முந்நூறு ஆண்டுகளாகத் தடுமாறி, மாற்றி, ஒத்துக்கொண்ட வடிவங்களை, இரவல் மொழியாகக் கற்கிறவன் ஒருமுறை தவறவிட்டால் அறிவிலி என்று முத்திரை குத்துவீர்களா?

பாடநூல் தயாரிப்பவர்களே, அடுத்த பதிப்பிலாவது அகர வரிசையை விட்டுவிட்டு ‘லை’யையும் ‘லே’யையும் ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள், ‘ஃபைண்ட்’டுக்குக் கீழேயே ‘ஃபவுண்ட்’டைத் தனி வினையாகப் போடுங்கள். விடைத்தாள் திருத்துகிறவர்களே, சிவப்பு மையில் சுழிப்பதோடு நிறுத்தாமல் பக்கத்தில் காரணத்தை நாலு வார்த்தையில் எழுதுங்கள்.