வெயிட் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நடக்கலாம்

"வெயிட்டைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும்."

பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிற, தைராய்டு இருக்கிற, போதாக்குறைக்கு மனச்சோர்வுக்கும் மாத்திரை சாப்பிடுகிற எந்தப் பெண்ணை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இந்த வரியை டாக்டர் சொல்லியிருப்பார், நாத்தனார் சொல்லியிருப்பார், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த யாரோ ஒரு அத்தை, பேர்கூடத் தெரியாதவர், பாயசத்தைக் குடித்துக்கொண்டே சொல்லியிருப்பார். எனக்கு இந்த மூன்றும் இருக்கின்றன. என் அனுபவத்தில், நம்மூர்ப் பெண்களை உடற்பயிற்சியின் பக்கமே அண்ட விடாமல் துரத்துவதில் இந்த ஒற்றை வரிக்குப் பெரிய பங்கு உண்டு. கோபத்தில் எழுதுகிற மாதிரி இருக்கிறதா? ஆமாம், கோபம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். நடப்பதை எடை குறைப்பதோடு முடிச்சுப் போட்டுவிட்டால், நடந்ததற்கான மார்க்கை வெயிட் மெஷின்தான் போடும். அந்த மெஷினோ நம்மைப் போன்றவர்கள் விஷயத்தில் லேசில் மார்க் போடாது. தைராய்டு மாத்திரையின் அளவை ஒருமுறை மாற்றினால் ரத்தப் பரிசோதனையில் பார்க்கிற டிஎஸ்ஹெச் அளவு ஒரு நிலைக்கு வரவே ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். மனச்சோர்வுக்குத் தருகிற சில மாத்திரைகள் பசியைக் கிளப்பிவிடும். பீரியட்ஸ் வரப்போகிற வாரத்தில் உடம்பில் தண்ணீர் தங்கி, சாப்பிடாமலே எடை ஏறியிருக்கும். இத்தனைக்கும் நடுவில் மூன்று வாரம் ஒழுங்காக நடந்துவிட்டு ஒரு காலையில் மெஷினில் ஏறி நின்றால், முள் அரைக்கிலோ கூடக் காட்டுகிறது. அன்றோடு ஷூ பரணுக்குப் போய்விடும். இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும், மூன்று வாரம் உழைத்தவளுக்கு ஃபெயில் மார்க் போட்டால் அவள் வேறு என்ன செய்வாள்?

நடந்ததன் பலன் உண்மையில் வேறு இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. பிசிஓடியில் பலருக்கும் அடிப்படைச் சிக்கல் இன்சுலின். உடம்பு அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது, அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரஜன் என்கிற ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. தாடையில் வருகிற முடி, முப்பது வயசு தாண்டியும் போகாத பரு, இரண்டு மாதம் மூன்று மாதம் வராத பீரியட்ஸ் எல்லாம் பெரும்பாலும் இந்த வழியாக வருபவை. கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை விழுகிறதே, அதுவும் பெரும்பாலும் இன்சுலின் வேலைதான். அதை அழுக்கு என்று நினைத்துக் கடலைமாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்த பெண்கள் எத்தனை பேர், "கழுத்தை நல்லா தேச்சுக் குளிக்கக் கூடாதா" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்!

நாம் நடக்கும்போது, கை கால் தசைகள் சுருங்கி விரியும்போது, அவை ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இன்சுலின் இல்லாமலே உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு தனிப் பாதை திறக்கிறது. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரைக்கும் உடம்பு இன்சுலின் பேச்சைக் கொஞ்சம் நன்றாகக் கேட்கும். இதற்கு ஒரு கிராம்கூடக் குறைய வேண்டியதில்லை. இன்று நடந்ததற்கு இன்றே உள்ளே வரவு வைத்தாயிற்று, மெஷினுக்குத்தான் அது தெரியாது.

இது நானாகச் சொல்வது இல்லை. பிசிஓஎஸ்ஸுக்கான (நாம் பிசிஓடி என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) சர்வதேச வழிகாட்டி நெறிகளை 2018இல் வெளியிட்டு, 2023இல் புதுப்பித்தார்கள். எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சியால் நன்மை உண்டு என்பதை அதில் வைத்திருக்கிறார்கள். இன்ன பயிற்சிதான் உசத்தி, மற்றதெல்லாம் மட்டம் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. அதாவது ஜிம்மில் காசு கட்டித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. நடக்கலாம், நீந்தலாம், வீட்டுக்குள் பாட்டைப் போட்டுவிட்டு ஆடலாம், எது உங்களால் அடுத்த வாரமும் செய்ய முடியுமோ அது. இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள்: பிசிஓஎஸ் என்று கண்டுபிடித்த எல்லோரிடமும் மனச்சோர்வு, பதற்றம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டுமாம். நம்மில் எத்தனை பேரிடம் கேட்டார்கள்? ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள், "நீர்க்கட்டி இருக்கு" என்றார்கள், மாத்திரை எழுதினார்கள், வெயிட்டைக் குறைக்கச் சொன்னார்கள், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். மனசு எப்படி இருக்கிறது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. அதை நானாகத் தேடிப் போய், வேறொரு டாக்டரிடம், வேறொரு வரிசையில் உட்கார்ந்துதான் சொன்னேன்.

மனசு விஷயத்துக்கு வருகிறேன். மனம் உண்டானால் மார்க்கம் உண்டு என்பார்கள். மனசே படுத்துக் கிடக்கும்போது அந்தப் பழமொழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, எழுந்து பல் விளக்குவதே மலையாகத் தெரிவது, கை கால் கனத்துப் போவது, இதெல்லாம் அந்த நோயின் அறிகுறிப் பட்டியலிலேயே இருக்கிறது. அப்படி இருப்பவளிடம் "நீ கொஞ்சம் மனசு வைக்கணும்" என்று சொல்வது, எது அவளிடம் இல்லையோ அதையே கடன் கேட்பது.

அதனால் உற்சாகம் வரட்டும், அப்புறம் கிளம்பலாம் என்கிற கணக்கு நமக்கு உதவாது. மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒன்று இதைத் தலைகீழாகப் போடுகிறது. முதலில் ஒரு சின்ன வேலையைச் செய், பிடிக்கிறதோ இல்லையோ செய், மனநிலை பின்னால் வரும். 1970களில் பீட்டர் லூயின்சன் என்ற உளவியலாளர் இந்தப் பாதையில் நிறைய வேலை செய்தார். பிற்பாடு 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் சோதித்துப் பார்த்தபோது, எண்ணங்களை அலசி மாற்றுகிற பெரிய சிகிச்சை தந்த அளவு பலனை, செயலில் இறக்கிவிடுகிற அந்த ஒரு பகுதி மட்டுமே தந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நடக்கப் போக எனக்குப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை! காலையில் தைராய்டு மாத்திரை போடுவதற்கு யாராவது உற்சாகத்துக்குக் காத்திருக்கிறோமா? பிடிக்காமலே போடுகிறோம், அது வேலை செய்கிறது.

இன்னொரு ஆய்வையும் அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு இருந்த 156 பேரை, எல்லோரும் ஐம்பது வயது அல்லது அதற்கு மேல், மூன்றாகப் பிரித்து ஒரு பகுதிக்கு மாத்திரை, ஒரு பகுதிக்கு உடற்பயிற்சி, ஒரு பகுதிக்கு இரண்டும் கொடுத்தார்கள். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. இதை வைத்துக்கொண்டு "பார்த்தியா, மாத்திரையே தேவையில்லை, வாக்கிங் போதும்" என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. என் மாத்திரைதான் என்னைக் கட்டிலை விட்டு எழுப்பி வாசல் வரைக்கும் கொண்டுவந்தது. டாக்டரைக் கேட்காமல் அதையெல்லாம் நிறுத்தாதீர்கள். அந்த ஆய்வில் என் கண்ணில் பட்டது வேறு விஷயம்: அந்த உடற்பயிற்சிக் குழுவை "போய் நடங்கள்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை, வாரத்துக்கு மூன்று நாள் வரவழைத்து, கூட ஆள் நிறுத்திச் செய்ய வைத்தார்கள். நமக்கு வாய்ப்பது என்ன? அறிவுரை மட்டும்தான், கூட வர ஆள் கிடையாது.

சரி, நடைமுறைக்கு வருவோம். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால்தான் உடற்பயிற்சி என்கிற மூடநம்பிக்கையை முதலில் விடுங்கள். மனச்சோர்வு உள்ள பலருக்குக் காலைதான் ஒரு நாளின் மிக மோசமான நேரம், சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் தெளியும். ராத்திரி போடுகிற சில மாத்திரைகளின் மந்தம் வேறு காலை வரைக்கும் இருக்கும். அந்த நேரத்தில் அலாரம் வைத்துவிட்டு எழ முடியாமல் படுத்திருந்து, தன்னைத்தானே திட்டிக்கொண்டே நாளைத் தொடங்குவதற்கு, சாயங்காலம் ஆறரைக்கு நடப்பது எவ்வளவோ மேல். இன்சுலின் கடிகாரம் பார்த்து வேலை செய்து, சூரியன் உதித்த பிறகு நடந்தவளுக்குப் பலனை மறுக்கப்போவது இல்லை.

மோசமான காலம் விலகி, காலையில் ஓரளவு எழ முடிகிற நாட்களில் எனக்குக் கைகொடுத்த ஒரு வழி உண்டு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபி குடிக்கக் கூடாது. காபி இல்லாத அந்த அரை மணி நேரம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். அதனால் மொட்டை மாடிக்குப் போய் எட்டு போட்டு நடந்துவிட்டு வருவேன், இறங்கி வரும்போது டிகாஷன் இறங்கியிருக்கும். உடல்நலத்துக்காக இல்லை, காபிக்காக நடக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

அடுத்து, தினம் பத்தாயிரம் அடி எடுத்து வைக்க வேண்டும் என்கிற இந்தக் கணக்கு. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு வைத்த பெயரிலிருந்து பரவிய எண் அது, எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் பிறந்ததில்லை. நம் அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டம்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைத்ததும் அந்தப் பத்தாயிரம் கணக்கில்தான். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் கட்டிலை விட்டு எழவே கஷ்டப்படுகிறவளுக்கு எட்டு கிலோமீட்டர் என்கிற பலகையே போதும், திரும்பிப் படுத்துவிடுவாள். 2019இல் அமெரிக்காவில் வயதான பெண்களை, சராசரி வயது 72, வைத்து ஐ-மின் லீ என்ற ஆய்வாளர் நடத்திய ஆய்வில், தினம் 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்து தெரிந்தது, 7,500 அடிக்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. தொடர்ந்தாற்போல் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த விதியையும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 நிமிடம் என்பதும், வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்பதும் அப்படியே இருக்கின்றன, ஆனால் எவ்வளவு சின்னதாக உடைத்தாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

தசைப் பயிற்சி என்றதும் "ஏற்கெனவே தாடி முளைக்குது, இதுல வெயிட் வேற தூக்கினா ஆம்பளை மாதிரியே ஆகிடுவேன்" என்று தோழி ஒருத்தி சொன்னாள். ஆக மாட்டாள். சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வதே தசைதான். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவதும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும்கூட அதில் சேர்த்திதான்.

என்னுடைய குறைந்தபட்சம் ஒன்று வைத்திருக்கிறேன்: செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும். அங்கே போனதும் திரும்ப வேண்டும் போல் இருந்தால் திரும்பிவிடலாம், அன்றைய நடை முடிந்ததாகவே கணக்கு. பாதி நாள் தெருமுனைக்குப் போனவள் பார்க் வரைக்கும் போய்விடுவேன். மீதி நாள் திரும்பிவிடுவேன். நல்ல வாரத்தில் இருக்கிற தெம்பை வைத்து அட்டவணை போட்டால் மோசமான வாரத்தில் அது கிழியும், அதனால் மோசமான வாரத்தில் என்ன முடியுமோ அதை வைத்துப் போடுங்கள். (ரீல்ஸில் மாதவிடாய் நாளைக் கணக்கிட்டு இந்த நாளில் யோகா, அந்த நாளில் ஓட்டம் என்று வண்ண வண்ணமாக அட்டவணை காட்டுகிறார்கள். அதற்கு ஆதாரமும் பலமாக இல்லை. தவிர, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பீரியட்ஸ் வருகிறவள் எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது என்று அதில் யாரும் சொல்வதில்லை.)

இதெல்லாம் பெண் தனியாகச் செய்துகொள்ள வேண்டிய காரியம் என்று ஆக்கிவிட்டதில்தான் எனக்குப் பெரிய ஆட்சேபணை. 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவழித்தார்கள், செய்த ஆண்கள் 97 நிமிடம். "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்று உடனே ஒரு அண்ணன் சொல்வார். அப்படியென்றால் அந்த எக்சர்சைஸில் பாதியை நீங்களும் செய்யலாமே அண்ணா, தொப்பை குறையும். அம்மியும் ஆட்டுக்கல்லும் போய் ரொம்ப காலம் ஆயிற்று. அடுப்படியில் நின்ற இடத்திலேயே மூன்று மணி நேரம் நின்றால் கால் வீங்குமே தவிர மனசு லேசாகாது.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். "இன்னைக்கு வாக்கிங் போகலையா?" என்று கேட்காதீர்கள், போகாத குற்றவுணர்ச்சி ஏற்கெனவே அவளுக்கு மூச்சு முட்டுகிற அளவுக்கு இருக்கும். "ராத்திரி தோசையை நான் ஊத்திக்கிறேன், நீ போயிட்டு வா" என்று சொல்லலாம். கூடவே நடக்கலாம், தெரு நாய்க்கும் இருட்டுக்கும் பயந்து போகாமல் இருப்பவளுக்கு அது பெரிய உதவி. முக்கியமாக, "இவ்ளோ நடக்குற, குறையவே இல்லையே" என்பதை மட்டும் தயவுசெய்து வாயைத் திறந்து சொல்லாதீர்கள். நடந்த பிறகு நன்றாகத் தூங்குகிறாளா, பிள்ளைகளிடம் கத்துவது குறைந்திருக்கிறதா, பீரியட்ஸ் முன்பைவிடக் கொஞ்சம் சீராக வருகிறதா, கேட்பதென்றால் அதைக் கேளுங்கள்.

தெருமுனைக்கே போக முடியவில்லை, எழவே வேண்டாம் போலிருக்கிறது என்கிற கட்டத்தில் இருப்பவர்கள் நடப்பதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். நடப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், கழற்சிக்காயும் வெந்தயமும் மலைவேம்புச் சாறும் சாப்பிடச் சொல்லி இன்பாக்ஸுக்கு வரப்போகிறவர்களுக்கு: மூன்றுமே எங்கள் அத்தை சொல்லி ஏற்கெனவே குடித்துப் பார்த்தாயிற்று. பாயசம் குடித்த அந்த அத்தை இல்லை, இவர் வேறு அத்தை.