பிஎஸ்5 இப்போது வாங்கலாமா, இன்னும் பொறுக்கலாமா?

ஆன்லைன் கடைகளில் பெரிய தள்ளுபடி விற்பனை ஆரம்பித்தால் போதும், இன்பாக்ஸில் இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணா, பிஎஸ்5 இப்ப வாங்கவா, இல்ல கொஞ்ச நாள் பொறுத்தா விலை குறையுமா?" பிஎஸ்5 என்றால் சோனியின் பிளேஸ்டேஷன் 5, டிவியோடு இணைத்து கேம் விளையாடும் பெட்டி, அதாவது கன்சோல். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவதைவிட இங்கேயே விரிவாகச் சொல்லிவிடுகிறேன். விலை குறையும் என்பதற்காக மட்டும் காத்திருக்காதீர்கள். விலை ஏறிவிடுமோ என்ற பயத்தில் ஓடிப்போய் வாங்கவும் வாங்காதீர்கள். இன்றைக்கே கடையில் கிடைக்கிற, நீங்கள் விளையாடியே தீரவேண்டும் என்று நினைக்கிற மூன்று கேம்களின் பெயரைத் தயங்காமல் சொல்ல முடிகிறதா? வாரத்தில் சில மணி நேரமாவது அதற்கென்று உட்கார முடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் வாங்குங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும், எவ்வளவு பெரிய ஆஃபர் வந்தாலும் விட்டுவிடுங்கள்.

பொறுத்தால் விலை குறையும் என்ற எண்ணம் சும்மா வந்ததில்லை. ஒரு காலத்தில் அது முழு உண்மை. பிஎஸ்2 அமெரிக்காவில் 2000 அக்டோபரில் 299 டாலருக்கு வந்தது, 2002இல் 199 ஆனது, 2009இல் 99 டாலருக்கு இறங்கியது. பிஎஸ்3 2006இல் வந்தபோது பெரிய மாடல் 599 டாலர், மூன்றே வருடத்தில் ஸ்லிம் மாடல் 299க்குக் கிடைத்தது. காரணம் எளிமையானது. உள்ளே இருக்கும் சிப்பை வருடா வருடம் சிறிதாக்க முடிந்தது, சிறிதாக்கினால் செலவு குறைந்தது, கூலருக்கும் பவர் சப்ளைக்கும் ஆகும் செலவும் கூடவே குறைந்தது. அந்தக் காலத்தில் பொறுமையாக இருந்தவர்களுக்கு நல்ல லாபம். நம் அண்ணன்மார்களும் மாமாக்களும் இன்றைக்கும் அதே அறிவுரையைச் சொல்வது அந்த அனுபவத்தில்தான்.

இந்தத் தலைமுறைக் கன்சோல்களில் அது நடக்கவில்லை. பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று வந்தது. டிஸ்க் போடும் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990. 2022இல் சிப்பை 7 நானோமீட்டரிலிருந்து 6க்கு மாற்றினார்கள், அதாவது இன்னும் சிறிதாக்கினார்கள், பெட்டியின் எடை குறைந்தது, ஆனால் அந்த வருடக் கடைசியில் இங்கே விலை 54,990 ஆகவும் 44,990 ஆகவும் ஏறியது. 2024 ஏப்ரலில் வந்த ஸ்லிம் மாடலும் அதே விலைதான். அமெரிக்காவில் 499 டாலருக்கு அறிமுகமான டிஸ்க் மாடல் 2025 ஆகஸ்டில் 549 ஆனது. போட்டிக் கன்சோலான மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஒரே வருடத்தில், 2025இல், இரண்டு முறை ஏறி 499இலிருந்து 649க்குப் போனது. எல்லாவற்றையும்விட இன்னொரு போட்டிக் கன்சோலான நிண்டெண்டோ ஸ்விட்ச் கதைதான் வியப்பு. 2017இல் வந்த பெட்டி, அடுத்த மாடலும் வந்துவிட்டது, அதற்குப் பிறகு பழையதன் விலையை அமெரிக்காவில் ஏற்றினார்கள். பழைய பெட்டிக்கு விலை ஏறுவதை இந்தத் துறையில் நாம் பார்த்துப் பழகியதே இல்லை.

ஏன் இப்படி? புதிய தொழில்நுட்பத்தில் சிப் செய்வது முன்பு மாதிரி மலிவாகவில்லை. அமெரிக்காவில் இறக்குமதி வரி. இப்போது ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் அதன் விலையும் மேலே போகிறது. நமக்கு இன்னொன்று கூடுதலாக இருக்கிறது. பிஎஸ்5 இங்கே வந்தபோது ஒரு டாலர் 73 ரூபாய் பக்கம் இருந்தது, 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. வெளியிலிருந்து வரும் பொருளின் விலை ஏற இது போதாதா? பண்டிகைக் காலத்தில் ஐயாயிரம் ரூபாய் வரை குறைத்து விற்பது உண்டு, அது கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் 25,000க்கு வரும், 20,000க்கு வரும் என்று உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்தபடியே இருக்க வேண்டியதுதான்.

"அப்படியானால் வந்த முதல் நாளே வாங்கியவன்தானே கெட்டிக்காரன்?" என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை. 2021இல் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் ஸ்டாக் தீர்ந்துபோகும், கிடைக்காதவர்கள் வெளியில் கூடுதல் பணம் கொடுத்து வாங்கினார்கள். அவர்களுக்கு அந்த வருடம் பிஎஸ்5இல் மட்டும் ஓடும் பெரிய கேம்கள் என்று என்ன இருந்தன? டீமன்ஸ் சோல்ஸ், ரிட்டர்னல், ராட்செட் அண்ட் க்ளாங்க், அப்புறம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில. அடுத்த வருடம் வந்த ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட், கிரான் டுரிஸ்மோ 7, காட் ஆஃப் வார் ரக்னராக் மூன்றும் பிஎஸ்4இலும் வந்தன. பிஎஸ்4இல் வராத ஸ்பைடர்மேன் 2 வர 2023 அக்டோபர் ஆனது. அதுவரை கையிலிருந்த பிஎஸ்4இலேயே விளையாடிவிட்டு அப்போது பிஎஸ்5 வாங்கியவருக்குக் கூடுதலாக ஆனது ஐயாயிரம். அவர் முதல் நாள் ஒரு கடைக்காரருக்கு அதிகப் பணம் கொடுத்திருந்தால் அதைவிட நிறையப் போயிருக்கும்.

இப்போது எல்லோரும் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஜிடிஏ 6. இதற்காக இப்போதே பிஎஸ்5 வாங்கி வைக்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். இந்தக் கேம் முதலில் 2025இல் வரும் என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், 2025 நவம்பரில் அதையும் 2026 நவம்பர் 19க்குத் தள்ளினார்கள். வராத கேமுக்காக வாங்கிய பெட்டி வீட்டில் சும்மா இருக்கும்போது வாரண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கேம் வெளியாகி, அது எப்படி ஓடுகிறது என்று விளையாடியவர்கள் சொன்ன பிறகு வாங்கினால் என்ன குறைந்துவிடும்? ஜிடிஏ 5 வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2013 செப்டம்பரில் பிஎஸ்3இல் வந்தது, அதற்காகவே பிஎஸ்3 வாங்கியவர்கள் உண்டு. இரண்டே மாதத்தில் வெளிநாடுகளில் பிஎஸ்4 விற்பனைக்கு வந்துவிட்டது, அடுத்த வருடம் அதே கேம் இன்னும் அழகாக அதில் ஓடியது.

நேரம் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு பெரிய கதை கேமை முடிக்க இருபது மணி நேரத்திலிருந்து நூறு மணி நேரம் வரை ஆகும். இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, சாப்பிட்டு, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, அப்புறம் டிவி முன்னால் உட்காருகிறவருக்கு வாரத்தில் நான்கு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அவருக்கு வருடத்துக்கு நான்கைந்து கேம் போதும், அதைப் புதிதாக வந்த அன்றே வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. பிள்ளைகளுக்காக வாங்குகிறவர்கள் தீபாவளி ஆஃபரில் வாங்கிவிட்டு, பப்ளிக் எக்ஸாம் இருக்கிறது என்று மார்ச் முடியும்வரை அலமாரியில் பூட்டி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற கொடுமை. ஏப்ரலில் பரீட்சை முடிந்த வாரம் வாங்கிக் கொடுங்கள். ஐயாயிரம் கூடப் போனாலும் பரவாயில்லை, முழு கோடை விடுமுறையும் அதற்குக் கிடைக்கும், உங்களுக்கும் தினமும் அதைப் பற்றிச் சண்டை போட வேண்டியிருக்காது.

எந்த மாடல்? டிஸ்க் போடும் மாடல்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்தாயிரம் குறைவு என்று டிஸ்க் இல்லாததை எடுக்கத் தோன்றும். ஆனால் ஒரு பெரிய புதுக் கேம் ஏறக்குறைய ஐந்தாயிரம் ரூபாய். டிஸ்க்காக வாங்கினால் முடித்த பிறகு விற்கலாம், நண்பனுக்குக் கொடுத்து அவனுடையதை வாங்கிக்கொள்ளலாம், சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போய்ப் பழைய டிஸ்க்கைக் கொடுத்து வேறு எடுக்கலாம். மூன்று நான்கு கேம் இப்படிக் கைமாறினாலே அந்தப் பத்தாயிரம் திரும்பிவிடும். பிஎஸ்4 டிஸ்க்குகளும் இதில் ஓடும் என்பதால் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் அருமையான பழைய கேம்களும் உங்களுக்குத்தான். டிஸ்க் போட்டாலும் கேம் முழுவதும் உள்ளே இருக்கும் சேமிப்பகமான எஸ்எஸ்டியில் காப்பி ஆகும், டிஸ்க் வெறும் சாவி மாதிரிதான், அதற்கு மேல் அப்டேட் என்று பல ஜிபி இறங்கும். அதனால் வீட்டு இன்டர்நெட் சுமார் என்றால் டிஸ்க் இன்னும் முக்கியம். டிஸ்க் இல்லாத மாடலில் கம்பெனியின் ஒரே ஒரு கடையில்தான் வாங்க முடியும், அவர்கள் தள்ளுபடி போடும் நாள்தான் உங்களுக்கும் நாள். அங்கே நல்ல சேல் வருவது உண்மை, ஆனால் வாங்கியதை யாருக்கும் விற்க முடியாது.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தவறே இல்லை, பார்த்து வாங்க வேண்டும். ஒரு கேமை ஓட விட்டு, கன்ட்ரோலரின் ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். திரையில் அந்த ஆள் தானாக மெல்ல நகர்ந்தாலோ, கேமரா தானாக ஒரு பக்கம் திரும்பினாலோ ஸ்டிக் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், புதுக் கன்ட்ரோலருக்கான பணத்தை விலையில் கழித்துக் கேளுங்கள். டிஸ்க்கை இரண்டு மூன்று தடவை போட்டு எடுங்கள். அரை மணி நேரம் ஓட விட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். விற்பவர் முன்னாலேயே அவருடைய அக்கவுண்ட்டை எடுக்கச் சொல்லிவிட்டு உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி என்றால் இங்கே வாரண்டி கிடைக்காது என்று கணக்குப் போட்டுத்தான் விலை பேச வேண்டும்.

இஎம்ஐயில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நோ காஸ்ட் என்று போட்டிருந்தாலும் வட்டிக்கான ஜிஎஸ்டியும் பிராசசிங் ஃபீயும் கார்டு பில்லில் வரும். ஒன்றிரண்டு ஆயிரம் அதில் போனால் ஆஃபரில் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும்.

எக்ஸ்பாக்ஸ் பற்றிச் சுருக்கமாக. எக்ஸ்பாக்ஸின் கார் ரேஸ் கேமான ஃபோர்சா ஹொரைசன் 5 கூட 2025இல் பிஎஸ்5க்கு வந்துவிட்டது, மாதச் சந்தா கட்டிப் பல கேம்களை விளையாடும் கேம் பாஸ் அல்டிமேட் அமெரிக்காவில் 2025 அக்டோபரில் மாதம் 20 டாலரிலிருந்து 30 ஆனது. ஏற்கெனவே எக்ஸ்பாக்ஸில் நிறைய கேம் வாங்கி வைத்திருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் அதை இப்போது என்னால் சிபாரிசு செய்ய முடியவில்லை. ஸ்விட்ச் 2 அருமையான பெட்டி, ஆனால் நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, பழுதானால் எங்கே கொண்டுபோவது என்பதை முதலில் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

கடைசியாக, "பிஎஸ்6 வந்துவிடுமே" என்பவர்களுக்கு. பிளேஸ்டேஷனை வடிவமைக்கும் மார்க் செர்னி 2025 அக்டோபரில் புதிய தொழில்நுட்பங்களைப் பற்றிப் பேசும்போது, அடுத்த கன்சோலுக்கு இன்னும் சில வருடங்கள் இருப்பதாகத்தான் சொன்னார். வந்த பிறகும் பழைய பெட்டி அன்றைக்கே செத்துவிடாது. பிஎஸ்5 வந்து இரண்டு வருடம் கழித்து வந்த ரக்னராக் பிஎஸ்4இல் நன்றாகவே ஓடியது என்று மேலே சொன்னேன் அல்லவா, இந்த முறையும் அப்படித்தான் போகும் என்று நினைக்கிறேன். மூன்று கேம் பெயர் கையில் இருந்தால் பிஎஸ்6க்காகப் பொறுக்காமல் இப்போதே எடுங்கள், டிஸ்க் மாடல், பில்லோடு.