அப்புறம் சொல்கிறேன்

எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். யாரோ ஏதோ சொல்ல, வீடே சிரிக்கிறது. காது கேளாத ஒருவர் மட்டும் "என்ன?" என்று புருவத்தைத் தூக்குகிறார். பக்கத்தில் இருப்பவர் கையை ஆட்டி, "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்" என்கிறார். அந்த அப்புறம் வருவதே இல்லை.

எனக்குச் சைகை மொழி கற்றுத்தரும் ஆசிரியர் (அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது) முதல் வகுப்பில் இதைத்தான் நடித்துக் காட்டினார். விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டோம். கையை ஆட்டும் அந்த ஆள் நாங்கள்தானே.

பள்ளியில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை வேலைக்கு வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அவர் வேண்டும், அவர் இல்லாமல் பாடமே போய்ச் சேராது. ஆனால் இடைவேளையில் ரகசியம் பேசவும் சண்டை போடவும் பட்டப்பெயர் வைக்கவும் எந்தப் பிள்ளை மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு போகும்? அதற்குப் பக்கத்து பெஞ்சுக்காரனுக்குச் சைகை தெரிய வேண்டும். வாசலில் நிற்கும் காவலாளிக்கும், நூலகருக்கும்கூட.

"உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள மாட்டார்களா?" என்று கேட்பவர்கள் கண்ணாடி முன் நின்று, சத்தம் வராமல் 'பணம்', 'மணம்' என்று சொல்லிப் பாருங்கள். 'பாடு', 'மாடு' என்றும் சொல்லுங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் அதுவும் போச்சு.

இந்த உதட்டு மோகம் பழையது. 1880-இல் இத்தாலியின் மிலன் நகரில் கூடிய கல்வி மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சியே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டுச் சைகையை வகுப்பிலிருந்து விரட்டியது. வாக்களித்தவர்கள் அநேகமாக எல்லோருமே காது கேட்பவர்கள். காது கேளாத ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தார்கள், கையை அசைத்த பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அதே மாநாட்டு வரிசையில் 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடியவர்கள் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். 130 வருடம் கழித்து!

மாறாக, அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்டு தீவைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில், பரம்பரைக் காரணத்தால், அங்கே சில்மார்க் என்ற ஊரில் சுமார் 25 பேருக்கு ஒருவர் காது கேளாதவர். அதனால் ஊரே சைகை பேசியது. காது கேட்பவர்கள்கூடத் தங்களுக்குள் தூரத்திலிருந்து பேச அதையே பயன்படுத்தினார்கள். அங்கே யாரும் யாரையும் தனியாக முயன்று 'சேர்த்துக்கொள்ள' வேண்டியிருக்கவில்லை.

கற்க நினைப்பவர்களுக்கு ஒன்று: சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றல்ல, 300-க்கும் மேல் இருக்கின்றன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் சைகை வேறு வேறு. அமெரிக்கச் சைகைக்குப் பிரெஞ்சுச் சைகைதான் நெருங்கிய சொந்தம். எனவே யூடியூபில் முதலில் வரும் வீடியோவை நம்பாதீர்கள். நான் அப்படித்தான் ஒரு மாதம் வேறு ஏதோ நாட்டு மொழியைச் சிரத்தையாகப் படித்துக்கொண்டிருந்தேன். காது கேளாத ஒருவரிடமே, சம்பளம் கொடுத்துக் கற்பதுதான் சரி. முகமும் இலக்கணம் என்பது அப்போதுதான் புரியும். என் முகமோ மரக்கட்டை. புருவம் அசையாததால் நான் கேட்ட கேள்வியெல்லாம் கேள்வியாக இல்லாமல் சாதாரண வாக்கியமாகவே போய்ச் சேர்ந்தது.

போன வாரம் வகுப்பில் ஒருவர் வாய்விட்டு ஒரு ஜோக் சொன்னார், நாங்கள் சிரித்தோம். ஆசிரியர் திரும்பி "என்ன?" என்றார். 'ஒன்றுமில்லை' என்று ஆட்டக் கிளம்பிய என் கை பாதியில் நின்றது. தெரியாத சொற்களை விரலால் எழுத்துக்கூட்டி, நடித்து, திருத்தி, முழுசாகச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. ஜோக் அதற்குள் செத்தே போயிருந்தது. அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே சைகையில் பதில் சொன்னார்: மொக்கை.