அந்தக் கிணற்றில் மிதந்தது எண்ணெய் இல்லை

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். புளியங்குளம் பக்கத்தில் ஒரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் நிறநிறமாகப் படலம் மிதக்கிற வீடியோவை "வன்னியில் பெற்றோல்" என்று இன்னும் பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அது எண்ணெய் இல்லை என்று கீழே இரண்டே வரி எழுதினேன். "உங்களை மாதிரி ஆக்களாலதான் எங்கட சனம் முன்னேறேல்ல" என்று ஒரு தம்பி பதில் போட்டார். தெரிந்த வீட்டுப் பிள்ளை. அதுதான் கூடுதலாக வலித்தது.

திரும்பவும் சொல்கிறேன், அது எண்ணெய் இல்லை. தண்ணீரின் மேல் நிறநிறமாகத் தெரியும் படலத்தை ஒரு தடியால் கலக்கிப் பாருங்கள். எண்ணெய் என்றால் விலகிப்போய்த் திரும்ப ஒன்றுசேரும். இரும்புச் சத்தில் வளரும் பக்டீரியாவின் படலம் என்றால் கண்ணாடி உடைந்தது போலத் துண்டு துண்டாக நிற்கும். வீடியோவில் வாளி விழும்போது என்ன நடக்கிறது? துண்டு துண்டாகத்தான் போகிறது.

புளியங்குளம், ஓமந்தை, வவுனியா எல்லாம் உருமாறிய பாறையின் மேல் இருக்கின்றன. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை. அந்தச் சூட்டில் எந்த எண்ணெயும் மிஞ்சாது. எண்ணெய் நிலத்துக்குக் கீழே குளமாகக் கிடப்பதும் இல்லை. மணற்கல் போன்ற, படிந்து இறுகிய அடையற்பாறையில், மணிகளுக்கு இடையிலுள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில் ஊறியிருக்கும். எண்ணெய் உண்டாக, அதற்கும் கீழே உயிரெச்சம் நிறைந்த களிப்பாறை அளவான சூட்டில் வெந்திருக்க வேண்டும். மேலே இறுக்கமான படை ஒன்று, கவிழ்த்த சட்டி மாதிரி மூடியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எதுவும் தங்காது.

"அப்ப மன்னாரில் கண்டுபிடிச்சது பொய்யோ?" என்று கேட்கிறீர்கள். நான் எங்கே பொய் என்றேன்? 1970களில் சோவியத் உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையில் துளைத்தார்கள், எடுக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. 2011இல் கெய்ர்ன் நிறுவனம் மன்னார்க் கடலில் டொராடோ, பரகூடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. டொராடோவில் கடல்மட்டத்திலிருந்து 3,000 மீற்றருக்குக் கீழே, மணற்கல் படையில். அதைக்கூட இன்னும் வெளியே எடுக்கவில்லை. அதையும் வாளி போட்டு அள்ளுகிற கிணற்றையும் எப்படி ஒன்றாகப் பார்க்கிறீர்கள்?

சரி, மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கம் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதுவும் அடையற்பாறைதான். ஆனால் அங்கே அந்தக் கல்லுக்குள் இருப்பது நல்ல தண்ணீர். எனக்கு அது எண்ணெயை விடப் பெரிது.

வன்னியில் எண்ணெய் வரக்கூடாது என்று நான் நினைக்கிறேனாம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் என் அப்பா. திரியைக் குறைத்துவைத்த குப்பி விளக்கில் படித்துத்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பாறைகளையும் நிலத்தையும் பற்றிய புவிச்சரிதவியலை நான் தேடிப் படித்ததே இந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். என்னைப் பார்த்து இனத்தின் எதிரி என்கிறீர்கள்.

அந்த வீட்டு அம்மாவைப் பற்றி யாராவது யோசித்தீர்களா? வீடியோ எடுக்க வந்த கூட்டம் மிதித்து அவவின் கத்தரிப் பாத்தி போய்விட்டது. இப்போது குடிக்கிற தண்ணீருக்கு அடுத்த ஒழுங்கைக்குக் குடத்தோடு நடக்கிறா. கிணற்றை இறைத்துக் கழுவிக் குளோரின் போட்டால் படலம் போகும். சனிக்கிழமை காலை இறைக்கிற மிஷினோடு அங்கே போகிறேன். தம்பியும் வரட்டும். இறைக்க முதல் அவரே தடியை விட்டுக் கலக்கிப் பார்க்கட்டும்.