மினிமம் டியூ கட்டினால் வட்டி நிற்காது

"கிரெடிட் கார்டு பில்லில் மினிமம் டியூ (கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டுங்கள், வட்டி வராது, மீதியைச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள்" என்று மாணவர்களுக்கு ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். தப்பு. மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம்தான் தவிரும். மீதிக்கு வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பில் 10,000, மினிமம் 5%, வட்டி மாதம் 3% என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 கட்டினால் 9,500 நிற்கும். அதற்கு ஒரு மாத வட்டியே 285. கட்டியதில் பாதிக்கு மேல் அதிலேயே போச்சு. சேமிப்புக் கணக்கு வருஷத்துக்கே 3, 4% தந்தால் பெரிய விஷயம்.

அதைவிட மோசம்: நிலுவை வைத்தால், பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய தேதியிலிருந்தே வட்டி. கிரெடிட் கார்டில் ஏடிஎம் பணம் எடுத்தால் பொதுவாக எப்போதுமே அப்படித்தான், கட்டணம் வேறு.

ஆட்டோபேயில் (வங்கிக் கணக்கிலிருந்து பில் தானாகக் கட்டப்படும் ஏற்பாடு) 'மொத்த நிலுவை' என்று இருக்கிறதா பாருங்கள், மினிமத்தில் கிடக்கலாம். முழுசாக முடியாவிட்டால் முடிந்தவரை கட்டிவிட்டு, கார்டைத் தொடாதீர்கள். முழுசாக அடைத்த பிறகும் அடுத்த பில்லில் கொஞ்சம் வட்டி வரலாம். பில் தேதிக்கும் கட்டிய தேதிக்கும் நடுவே ஓடியது அது, அதையும் கட்டிவிடுங்கள்.