‘நன்றி: கூகுள்’ என்பது அனுமதி ஆகாது

கட்டுரைக்குப் பொருத்தமான படத்தைத் தேடியெடுத்து, கீழே ‘நன்றி: கூகுள்’ என்று குறிப்பிட்டுவிட்டால் உரிமைச் சிக்கல் எதுவும் எழாது என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. கூகுள் ஒரு தேடுபொறி மட்டுமே. அது காட்டும் படங்களின் உரிமை, எடுத்தவரிடமோ அவரைப் பணியமர்த்திய நிறுவனத்திடமோ இருக்கும். (அந்த நன்றி உரியவரைச் சென்றடைவதுகூட இல்லை.)

ஒரு படத்தைப் பார்த்து அதிலிருந்து எழுத்துக்குத் தூண்டுதல் பெறுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஏனெனில் பதிப்புரிமை கருத்தைக் காப்பதில்லை, வெளிப்பாட்டையே காக்கிறது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் படத்தைப் பார்த்து நீங்கள் கட்டுரையோ கவிதையோ எழுதலாம். ஆனால் அதே படத்தைக் கட்டுரையின் தலைப்பில் இட வேண்டுமானால் நிலைமை வேறு. நிழற்படங்களுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள் என்று வகுத்திருந்த இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 25ஆம் பிரிவு 2012 திருத்தத்தில் நீக்கப்பட்டது; இப்போது ஒரு நிழற்படத்துக்கான பாதுகாப்பு, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் நீடிக்கும் என்பதால், 1964இல் நாளிதழில் வெளியான படம்கூட இன்னும் பாதுகாப்பில் இருக்கலாம்; அண்மையில் ஒரு பயணி எடுத்த படத்துக்கு அந்தக் காலம் முடிவது இன்னும் நெடுந்தொலைவில் உள்ளது.

கட்டற்ற படங்களின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் கிடைக்கும் படங்களையும் பெரும்பாலும் நிபந்தனையுடனேயே பயன்படுத்த முடியும். எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்த அனுமதிக்கும், கிரியேட்டிவ் காமன்ஸின் ‘பை’ (CC BY) உரிமம் கொண்ட படமாயின், எடுத்தவர் பெயர், உரிமத்துக்கான இணைப்பு, படத்தில் மாற்றம் செய்திருந்தால் அதுபற்றிய குறிப்பு ஆகியவற்றைத் தர வேண்டும்.