கிராமத்துப் பிள்ளைக்கு விளையாட்டு வாத்தியார் வேண்டாமா?

கடந்த வாரம் பாலக்காட்டு எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களும் வாட்ஸ்அப்பில் சுற்றிய குரல்பதிவைக் கேட்டிருப்பீர்கள். "காட்டுலயும் மேட்டுலயும் ஓடியாடற பிள்ளைங்களுக்கு விளையாட்டு வாத்தியார் எதுக்குங்க? அந்தப் பீரியடைக் கணக்குக்குக் குடுங்க" என்று அந்தப் பெரியவர் சொன்னதைவிட, அதற்கு எழுந்த கைதட்டல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. தட்டிய கைகளில் பாதி என் உறவுக்காரர்களின் கைகள்.

கிராமத்தில் பிறந்துவிட்டதாலேயே ஒரு பிள்ளைக்கு உடல்திறன் வந்துவிடாது. ஓடுவதற்கான மூச்சு வேறு, உடம்பைத் தன் வசத்தில் வைத்திருப்பது வேறு. ஒற்றைக்காலில் நிலைத்து நிற்பதும், தாவி இறங்குவதும், குறிபார்த்து எறிவதும், வருகிற பந்தைப் பிடிப்பதும் வயது ஏறினால் தாமாக வந்து சேர்பவை அல்ல. ஒருவர் செய்துகாட்ட, செய்து பார்த்து, தவறவிட்டு, திருத்திக்கொண்டு பழகினால்தான் அவை படியும். அப்படிப் பழகுவதற்கு ஏற்ற பருவம், இங்கே எல்.பி. என்று சொல்லும் தொடக்கப் பள்ளிப் பருவம். மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவின் உடற்தகுதித் தேர்விலும் 5 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் பார்த்தபின், ஒற்றைக்காலில் தடுமாறாமல் நிற்கிறார்களா, இரண்டு வட்டத் தட்டுகளை ஒரு கையால் மாறி மாறி 25 சுற்று எவ்வளவு வேகமாகத் தொடுகிறார்கள் என்பதைத்தான் சோதிக்கிறார்கள். 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டமெல்லாம் அந்த வயதைத் தாண்டிய பிறகுதான்.

இதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது, எட்டு. கோடை விடுமுறைக்கு வந்தவன் எங்கள் தோட்டத்து வரப்பில் பத்தடி நடப்பதற்குள் நான்கு முறை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்; குந்தி உட்காரச் சொன்னால் குதிகால் தரையில் படாமல் பின்னால் சாய்ந்தான். என் மகள் அதே வரப்பில் தூக்குப்போசியோடு ஓடினாள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அன்று மாலை களத்தில் அவன் அவளுக்கு ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டான். அவள் கண்ணை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்த பிறகுதான் இரண்டு கைகளும் ஒன்றுசேர்ந்தன. மறுபடி போட்டான், மறுபடியும் அப்படியே. "எனக்கு யாருமே பந்து போட்டதில்லையேம்மா" என்றாள்.

மறுநாளிலிருந்து துணிப்பந்தில் தொடங்கினோம். பிறகு கிணற்றுச் சுவரில் எறிந்து பிடிக்கப் பழக்கினேன். மூன்றே வாரத்தில் டென்னிஸ் பந்தைக் கண்ணைத் திறந்துகொண்டு பிடித்தாள். குறை அவள் உடம்பில் இல்லை.

வீட்டில் தண்ணீர் சுமக்கிறார்கள், ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறார்கள், அந்த வேலை போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வேலை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது; குடம் எப்போதும் ஒரே இடுப்பில்தான் ஏறுகிறது. அதுவும் போக, எந்தப் பிள்ளை இன்று காட்டில் ஓடுகிறது? வேலந்தாவளத்திலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வாசலுக்கே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. தோப்புகளுக்குக் கம்பிவேலி போட்டாயிற்று. மாலையில் கையில் கைப்பேசி. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான இயக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் பிள்ளைகளுக்கு அதில் பாதியாவது கிடைக்கிறதா என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்.

பி.யு. சித்ராவைப் பார், அவருக்கு யார் வசதி செய்து கொடுத்தார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். நம் பாலக்காட்டு முண்டூரில் கூலி வேலை செய்யும் பெற்றோருக்குப் பிறந்து, 2017-இலும் 2019-இலும் ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம் வென்றவர் அவர். அவர் ஓடத் தொடங்கியது முண்டூர்ப் பள்ளியில். அங்கே பயிற்சி கொடுக்க ஒருவர் இருந்தார். நீங்கள் காட்டும் உதாரணமே என் பக்கம்தான் பேசுகிறது.

கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. மாலையில் பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள் நான்.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 8 வரையான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. ஒற்றைக்காலில் நிற்கப் பழக வேண்டிய வயதுப் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. எல்லையோரத்துச் சிறிய தமிழ்ப் பள்ளிகளில் நூறு பிள்ளைகளுக்கு எங்கே போவது? வாரத்துக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பீரியடுதான். அதையும் கேட்கிறீர்கள்.

ஏழாம் வகுப்பில் நான் சப்ஜில்லா (உபமாவட்ட) போட்டியில் நீளம் தாண்டுதலில் இரண்டாவதாக வந்தேன். அடுத்த ஆண்டு பெரியவளானேன். அத்தோடு விளையாட்டுப் பீரியடில் பெண்பிள்ளைகள் எல்லாரும் புளியமரத்தடியில் உட்கார வைக்கப்பட்டோம். புது வாலிபால் ஒன்று பீரோவுக்குள் இருந்தது. கண்ணாடி வழியாகத் தெரியும். நான் பள்ளியை விட்டு வரும்வரை அதை யாரும் வெளியே எடுக்கவில்லை. சாவி யாரிடம் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நகரத்துப் பெண்ணுக்கு அப்பா பணம் கட்டிப் பேட்மிண்டன் வகுப்புக்கு அனுப்புகிறார். எங்களுக்குப் பள்ளியை விட்டால் வேறு எந்த இடம் இருந்தது? என் மகளுக்கு மட்டும் இப்போது எந்த இடம் இருக்கிறது?

அந்தப் பெரியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை விளையாட்டுக்கே விட வேண்டும் என்று மனு எழுதி வைத்திருக்கிறேன். அன்று கைதட்டியவர்களில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.